சென்னையிலிருந்து லண்டன்: நேரடி விமானமா, வளைகுடா வழியா, கொழும்பு வழியா?

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இடையே, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால், ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர் தொலைவு. லண்டனில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் பெற்றோரை அனுப்பி வைப்பவர்களும், முதன்முறையாகப் படிக்கப் போகும் மாணவர்களும், பயணச்சீட்டு வாங்க உட்கார்ந்ததும் பெரும்பாலும் இந்தத் தொலைவையும் பறக்கும் நேரத்தையும்தான் முதலில் தேடுகிறார்கள். தேடுவதில் தவறில்லை. ஆனால் எந்த வழியில் போவது என்று முடிவெடுக்கும்போது, தொலைவைவிடத் தரையில் கழியும் மணிகளும், அவை நாளின் எந்தப் பொழுதில் கழிகின்றன என்பதும்தான் பயணத்தை எளிதாக்குகின்றன அல்லது கடினமாக்குகின்றன. கொழும்பு வழி ஒன்றைத் தவிர மற்ற வழிகள் எல்லாம் தொலைவில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

துபாய் வழியாகப் போவதை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர், அங்கிருந்து ஹீத்ரோ சுமார் 5,500 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 8,430. நேர்வழியைவிட 200 கிலோமீட்டர்தான் கூடுதல், அதாவது சென்னையிலிருந்து வேலூரைத் தாண்டிச் சற்றுத் தொலைவு போகும் அளவு. தோஹா வழியில் மொத்தம் 8,530 வரும். டெல்லி வழியாகப் போனால் 8,490. பிராங்க்பர்ட் வழியாக 8,250. மும்பை வழியைக் கணக்கிட்டால் 8,245 கிலோமீட்டர். மும்பை கிட்டத்தட்ட அந்த நேர்வழியிலேயே அமைந்திருப்பதால் அங்கே இறங்கி ஏறுவதால் தொலைவு கூடுவதே இல்லை எனலாம். கொழும்பு மட்டும் எதிர்த் திசையில் இருக்கிறது: முதலில் தெற்கே 650 கிலோமீட்டர் போய்விட்டு, அங்கிருந்து 8,715 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருப்பதால், மொத்தம் 9,365 ஆகிறது.

இந்த எண்களைப் பார்க்கும்போது இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். 8,230 என்ற அந்தக் குறைந்தபட்சத் தொலைவை இன்று எந்தப் பயணிகள் விமானமும் அப்படியே பறப்பதில்லை. சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது மும்பைக்குச் சற்று வடகிழக்கே கடந்து, பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தின் மேல் சென்று, ஈரானும் ஆப்கானிஸ்தானும் சந்திக்கும் சீஸ்தான் பகுதியைத் தொட்டு, பாக்கூ நகருக்குத் தெற்கே காஸ்பியன் கடலைத் தாண்டி, காக்கசஸ் மலைகளைக் கடந்து, கிரிமியாவை ஒட்டி உக்ரைனுக்குள் நுழையும். இவற்றில் உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அடுத்த நாளே ரஷ்யா தன் வான்வெளியைப் பிரிட்டன் விமானங்களுக்கு மறுத்தது. ஆப்கானிஸ்தானின் மேல் 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சேவை இல்லாமல் போனது. ஈரானின் மேல் பறப்பது அவ்வப்போது தடைப்படுகிறது. ஆகவே விமானங்கள் தெற்கே வளைந்து, பல நாள்களில் துருக்கியின் மேலும் கருங்கடல் ஓரமாகவும் சென்று ஐரோப்பாவுக்குள் நுழைகின்றன. நேரடி விமானமும் வளைகுடா வழி விமானமும் சில நாள்களில் பாதித் தொலைவுக்கு மேல் ஏறக்குறைய ஒரே வானத்தில்தான் பறக்கின்றன. தொலைவைக் காட்டி நேரடி விமானத்தை ஆதரிக்கும் வாதம் இதனால் இன்னும் வலுவிழக்கிறது. நேரடி விமானத்தை ஆதரிக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

இனி நேரத்துக்கு வருவோம். நவீன விமானங்கள் உயரே சென்றபின் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. அந்தக் கணக்கில் சென்னையிலிருந்து லண்டன் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆக வேண்டும். ஆனால் அட்டவணையில் பத்தரை முதல் பதினொன்றே கால் மணி வரை காட்டுகிறார்கள். பயணச்சீட்டில் அச்சாகும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து மறுமுனையில் நிறுத்துமிடத்தில் நிற்கும் கணம் வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், ஏறுவதும் இறங்குவதும், வளைந்து செல்லும் வழியும் அதில் அடக்கம். எதிர்க்காற்றும் அடக்கம். நடு அட்சரேகைகளில் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்று, லண்டனுக்குப் போகும் விமானத்தைத் தடுக்கிறது, அங்கிருந்து வரும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது. குளிர்காலத்தில் இந்தக் காற்று வலுப்பெறுவதால், போவதற்கும் வருவதற்கும் உள்ள வேறுபாடும் கூடுகிறது. ஹீத்ரோவுக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. இரண்டே ஓடுபாதைகளை வைத்துக்கொண்டு மிகுந்த நெரிசலைச் சமாளிக்கும் அந்த நிலையத்தில், இறங்க வரும் விமானங்கள் போவிங்டன், லாம்போர்ன், ஒக்காம், பிக்கின் என்ற நான்கு இடங்களின் மேல் அடுக்கடுக்காகச் சுற்றி நின்று தங்கள் முறைக்குக் காத்திருக்கும். தேம்ஸ் ஆறு ஜன்னலில் ஒருமுறை தெரிந்து மறைந்து மீண்டும் தெரிந்தால், நீங்கள் அந்தச் சுற்றில் இருக்கிறீர்கள் என்று பொருள். நேரடி விமானத்துக்கும் துபாய் விமானத்துக்கும் அந்தக் காத்திருப்பு ஒன்றுதான்.

அட்டவணையைப் படிப்பதில் பலரும் தடுமாறுகிறார்கள் என்பதால் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். அதிகாலை 5:30 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு முற்பகல் 11:30 மணிக்கு ஹீத்ரோ சேரும் என்று திரையில் காட்டினால், ஆறு மணி நேரப் பயணம் என்று தோன்றும். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி பின்தங்கியிருக்கும். ஆகவே ஆறும் நாலரையும் சேர்ந்து பத்தரை மணி நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை அந்த வேறுபாடு ஐந்தரை மணியாகிறது. விமான நிறுவனங்களின் கோடை, குளிர்கால அட்டவணைகளும் ஏறக்குறைய அதே ஞாயிறுகளில்தான் மாறுகின்றன. எனவே ஆகஸ்டில் பார்த்து வைத்த நேரத்தை நம்பி நவம்பர் பயணத்தைத் திட்டமிடக் கூடாது.

நேரடி விமானத்தைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இயக்குகிறது. துபாய் வழியில் எமிரேட்ஸ், தோஹா வழியில் கத்தார் ஏர்வேஸ், அபுதாபி வழியில் எத்திஹாட் ஆகியவை சென்னையிலிருந்து பறக்கின்றன. துபாய் வழியில் முதல் கட்டம் நாலே கால் மணி, இரண்டாம் கட்டம் ஏழரை மணி என்று வைத்துக்கொண்டால், வானில் கழியும் நேரம் மொத்தம் பன்னிரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. நேரடி விமானத்தோடு ஒப்பிட்டால் இங்கே கூடுவது ஒரு மணி நேரம் அளவுதான். மீதமெல்லாம் இடையில் காத்திருக்கும் நேரம். அது இரண்டு மணியானால் மொத்தம் பதினான்கு; நான்கானால் பதினாறு; தேடுதல் தளம் மலிவு என்று முதலில் காட்டும் சீட்டில் அது ஒன்பதோ பதினொன்றோ கூட இருக்கும். கட்டணத்தில் கிடைக்கும் மிச்சத்தை இந்தக் காத்திருப்பு மணிகளால் வகுத்துப் பாருங்கள். ஒரு மணிக்கு ஆயிரம் ரூபாய்கூடத் தேறவில்லை என்றால், அந்த மிச்சத்துக்காக வயதானவர்களை நள்ளிரவில் ஒரு நாற்காலியில் உட்கார வைப்பது சரியாக எனக்குப் படவில்லை. மாணவருக்கு இதே கணக்கு வேறு விடை தரும். இருபது வயதில் அந்த மணிகளின் விலை குறைவு, பணத்தின் தேவை அதிகம்.

பெற்றோர் விஷயத்தில் இடைநிற்றல் என்பது உண்மையில் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். விமானம் நின்றதும் மாற்று விமானப் பயணிகளுக்கான பலகையைப் பின்பற்றி நடக்க வேண்டும். நகரும் படிக்கட்டு, சில நிலையங்களில் ஒரு குட்டி ரயில், அதன்பின் மறுபடியும் பாதுகாப்புச் சோதனை. கைப்பையையும் மருந்துப் பையையும் தட்டில் வைத்து, இடுப்புப் பட்டையைக் கழற்றி, முந்தைய விமானத்தில் கொடுத்த தண்ணீர் பாட்டிலை அங்கேயே விட்டுவிட வேண்டும். வாயில் எண்ணைப் பலகையில் தேடிக் கண்டுபிடித்தபின், அது பதினைந்து இருபது நிமிட நடையில் இருக்கலாம். சில வேளை அந்த எண்ணே மாறிவிடும், வளைகுடா நிலையங்களில் அந்தத் தகவல் ஆங்கிலத்திலும் அரபியிலும்தான் இருக்கும். சக்கர நாற்காலி உதவியைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டுப் பதிவுசெய்துவிட்டால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நடக்க முடிந்தவர்களுக்கும் அதைக் கேட்டுவைப்பது நல்லது. மூட்டு வலிக்காக மட்டும் ஏற்பட்ட வசதி அல்ல அது. வழி தெரியாமல் தவிப்பவருக்கும் துணை அதுதான்.

அதே வேளையில், பத்தரை மணி நேரம் ஒரே இருக்கையில் அடைந்து கிடப்பதற்கும் ஒரு விலை உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது என்பதால் உடல்நலமுள்ளவர் அஞ்ச வேண்டியதில்லை. முன்பு இப்படி இரத்தம் உறைந்தவர்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இடையில் இறங்கி ஒரு மணி நேரம் நடப்பது சிலருக்கு உண்மையிலேயே நன்மை. எழுந்து நடக்கக் கூச்சப்பட்டு, பக்கத்து இருக்கைக்காரரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பத்து மணி நேரமும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை அறிவேன். அவர்களுக்கு நடைபாதை ஓர இருக்கையை முன்பே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

நேரடி விமானத்தின் பெரிய குறையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அது பெரும்பாலும் அதிகாலைப் புறப்பாடாகவே அமைந்து வந்திருக்கிறது. ஐந்தரை மணி விமானத்துக்கு இரண்டு, இரண்டரை மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மெட்ரோ ரயில் ஓடாது, கார்தான். வேளச்சேரிக்காரருக்கு இது ஒரு பாதித் தூக்கத்தின் இழப்பு. திருச்சிக்காரருக்கோ, மாலையே வீட்டை விட்டுக் கிளம்பி, சுமார் 330 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் வந்து, நள்ளிரவில் வரிசையில் நின்று, அதன்பிறகு தொடங்கும் பத்தரை மணிப் பயணம். கதவிலிருந்து கதவு வரை கணக்கிட்டால் அவருக்கு நேரடி விமானம் நேரடியே அல்ல.

இங்கேதான் கொழும்பு வழி மீண்டும் பேச்சுக்கு வருகிறது. சென்னையிலிருந்து அது வீண் சுற்று என்று முன்பே பார்த்தோம். திருச்சியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 420 கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொழும்புக்கும், கொழும்பிலிருந்து ஹீத்ரோவுக்கும் பறக்கிறது. சென்னையிலிருந்து நேரே பறப்பதைவிட வான்வழித் தொலைவு சுமார் 900 கிலோமீட்டர் கூடினாலும், நெடுஞ்சாலை இரவு முழுவதும் மிச்சமாகிறது. கொழும்பு நிலையத்தில் தமிழிலும் பெயர்ப்பலகை இருப்பது, முதன்முறை பறக்கும் பெரியவர்களுக்குச் சிறிய ஆறுதல் அல்ல. தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் குடும்பங்கள், கொழும்பில் காத்திருக்கும் நேரம் ஐந்து மணிக்குள் அமையும் நாளாகப் பார்த்து, இந்த வழியை முதலில் பரிசீலிக்க வேண்டும் என்பேன். இன்னொரு நன்மையும் இதில் உண்டு: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை நிலையம் மூடப்படுவது புதிதல்ல, 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாள்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது என்று அடுத்தடுத்து நடந்திருக்கிறது. அந்த மாதங்களில் சென்னையைத் தவிர்த்துவிட முடிந்தால் அதுவே ஒரு காப்பு.

டெல்லி, மும்பை வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைவு சாதகமாக இருந்தும், திரும்பி வரும்போது பொதுவாக முதலில் இறங்கும் இந்திய நிலையத்திலேயே பெட்டிகளை எடுத்துச் சுங்கச் சோதனையை முடித்துவிட்டு உள்நாட்டு விமானத்துக்கு மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருப்பது பெரிய அலைச்சல். டெல்லிக்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனித் தாமதமும் உண்டு. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதால், டெல்லியிலிருந்து மேற்கே போகும் ஏர் இந்தியா விமானங்கள் சுற்றிக்கொண்டு போக நேர்ந்து, பயண நேரம் கூடியது. மும்பையிலிருந்து அரபிக்கடலின் மேல் போவதற்கு இந்தத் தடையின் பாதிப்பு குறைவு. இரண்டில் ஒன்று என்றால் மும்பை.

மறுமுனையையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் உள்ள எல்லாத் தமிழர் வீடுகளும் ஹீத்ரோவுக்கு அருகில் இல்லை. ஹாரோ, வெம்பிளி என்றால் ஹீத்ரோதான் வசதி. ஈஸ்ட்ஹாம் போகிறவருக்கு எலிசபெத் ரயிலில் ஒயிட்சாப்பல் வரை வந்து, அங்கே டிஸ்ட்ரிக்ட் ரயிலுக்கு மாறினால் போதும். குராய்டன் பக்கம் வீடு இருந்தால், வளைகுடா நிறுவனங்கள் கேட்விக் நிலையத்துக்கும் பறக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. கேட்விக்கிலிருந்து ஈஸ்ட் குராய்டனுக்கு ரயிலில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். மகன் பர்மிங்காமிலோ மான்செஸ்டரிலோ எடின்பரோவிலோ இருந்தால் ஒப்பீடே தலைகீழாகிறது. வளைகுடாவிலிருந்து அந்த ஊர்களுக்கு நேராகவே விமானம் உண்டு. ஹீத்ரோவில் இறங்கி, மூன்று பெட்டிகளோடு நான்கு மணி நேரம் பேருந்தில் போவதைவிட, தோஹாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல்.

வழியில் ஏதேனும் தவறினால் என்ன ஆகும் என்பது கடைசியாக எடைபோட வேண்டியது. இடைநிலையம் ஒன்று கூடினால் தடைப்படக்கூடிய இடமும் ஒன்று கூடுகிறது. 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த வரலாறு காணாத மழையில் துபாய் நிலையம் தண்ணீரில் மூழ்கி, பயணிகள் நாள்கணக்கில் சிக்கினர். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைத் திடீரென மூடியபோது தோஹாவுக்குப் பறந்துகொண்டிருந்த விமானங்கள் பாதி வழியில் திசைமாறின. நேரடி விமானத்துக்கும் முழுக் காப்பு இல்லை: 2025 மார்ச் 21 அன்று ஹீத்ரோவே, அருகிலிருந்த துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட தீயால், ஏறக்குறைய நாள் முழுதும் மூடிக் கிடந்தது. எந்த வழியானாலும் இரண்டு கட்டங்களும் ஒரே முன்பதிவில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரே முன்பதிவில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனிச் சீட்டு என்றால் அந்த இழப்பு முழுதும் உங்களுடையது. இடைவெளி ஒன்றரை மணிக்குக் குறைவாக இருக்கும் சீட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பெரியவர்களுக்கு மூன்று மணி.

இழப்பீட்டிலும் வழிகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. பிரிட்டனின் 261 ஆம் எண் விதிப்படி, நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு ஒருவருக்கு 520 பவுண்டு இழப்பீடு கிடைக்கும். மூன்று முதல் நான்கு மணித் தாமதத்துக்கு 260 பவுண்டு. சென்னையிலிருந்து லண்டன் போகும்போது பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனத்தின் விமானத்துக்கே இந்த விதி பொருந்தும். வளைகுடா நிறுவனத்துக்கோ இந்திய நிறுவனத்துக்கோ பொருந்தாது. சீட்டில் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயரைவிட விமானத்தை உண்மையில் இயக்குவது யார் என்பதே இங்கு கணக்கு. லண்டனிலிருந்து புறப்படும் பயணத்துக்கோ எந்த நாட்டு நிறுவனமானாலும் விதி பொருந்தும், ஒரே முன்பதிவில் துபாயில் மாறி ஏறிச் சென்னை வந்தாலும் சரி. பெற்றோர் தனியாகப் போகும்போது நேரடி விமானத்திலும், பிள்ளைகளோடு சேர்ந்து திரும்பும்போது வளைகுடா வழியிலும் வருவதற்கு இதனால் சட்ட வகையில் குறை ஒன்றுமில்லை. திரும்பும் நேரடி விமானம் விடியுமுன் சென்னையில் இறக்கிவிடும் நாள்களில், முற்பகலில் சேரும் வளைகுடா விமானம் ஊர்ப்பக்கம் போக வேண்டியவர்களுக்கு வசதியாகவும் இருக்கும்.